வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறை. அங்கே குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தொன்று.

குருவின் பெயர் பூங்கொடி. டீசல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லிவிடுவாள் என்று ஊரில் பேச்சு. அவள் அதை ஒப்புக்கொள்வதில்லை. "காதுல பாதி, கேள்வியில பாதி" என்பாள். எல்லோரும் அவளை மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

சீடர் அர்த்தனாரி. இருபத்தாறு வருஷம் ட்ரெய்லர் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், முப்பத்தெட்டு டன் இரும்போடு, எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருண்டு பாறையில் மோதியது. கூட வந்த டிரைவர் மாரப்பனுக்கு ஒரு கால் போயிற்று. அர்த்தனாரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஸ்டியரிங்கை விட்டார். ஸ்பேனரைப் பிடித்தார். சூடுபட்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்கள். இவர் அடுப்பையே கழற்றிப் பார்க்க வந்துவிட்டார்.

பட்டறைக்கு வந்த முதல் வாரமே கேட்டார்:

"மேஸ்திரியம்மா, கோளாறு எங்க இருக்குதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

"கழட்டறதுக்கு முன்னால கேளுங்கண்ணா."

"யாருகிட்டங்க?"

"வண்டிகிட்ட."

அர்த்தனாரி தலையாட்டினார். புரிந்த மாதிரி தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வண்டி சூடாகிறது என்று யாராவது வந்து நின்றால் போதும், அவர் கை கேள்விக்கெல்லாம் காத்திருக்காது. கழற்றிவிடும்.

அவருடைய தம்பி குழந்தைவேலுவும் ட்ரெய்லர் ஓட்டுகிறவன்தான். ஒரு மாதமாக அவன் வண்டி ஏற்றத்தில் சூடாகிக்கொண்டிருந்தது. பூங்கொடி பார்க்கிறேன் என்றாள். அர்த்தனாரி விடவில்லை.

"என்ற தம்பி வண்டிங்க. நானே பாத்துக்கறன்."

முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். வெறும் வண்டியை வைகுந்தம் சுங்கச்சாவடி வரை ஓட்டிப் பார்த்தார். சூடு காட்டும் மீட்டரின் முள் ஏறவில்லை. "சரியாயிருச்சுடா" என்றார். தம்பி லோடு ஏற்றிக்கொண்டு போனான். ஏற்றத்தில் முள் மறுபடி ஏறியது. அடுத்து வாட்டர் பம்ப்பை மாற்றினார். "சரியாயிருச்சுடா." அதற்கும் அடங்கவில்லை. ரேடியேட்டருக்குள் மருந்து ஊற்றி அலசிப் புதுக் கூலன்ட் தண்ணீர் நிரப்பினார். மறுபடியும் அதே வார்த்தை. மூன்று முறையும் தம்பி நம்பினான்.

அடுத்த லோடு வந்தது. தர்மபுரிக்கு அந்தப் பக்கம் ஒரு துணைமின் நிலையத்துக்குப் போகிற டிரான்ஸ்பார்மர். நாற்பத்திரண்டு டன். வழி, தொப்பூர் கணவாய். அகலமான லோடு என்பதால் மாலை நான்கு மணிக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்று அனுமதிச் சீட்டில் எழுதியிருந்தது.

காலையில் தம்பி கேட்டான்.

"அண்ணா, தைரியமா எடுக்கலாமுங்களா?"

"எடுடா" என்று வாய் சொன்னது. அர்த்தனாரி பட்டறைக்கு ஓடினார்.

"மேஸ்திரியம்மா, நீங்களும் கூட வரணுமுங்க."

"எதுக்குங்கண்ணா? சரி பண்ணீட்டன்னு சொன்னீங்க?"

"பண்ணீட்டனுங்க. ஆனா பயமா இருக்குதுங்க."

பூங்கொடி கையைத் துடைத்துக்கொண்டாள். ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு கேபினில் ஏறினாள்.

குழந்தைவேலு ஓட்டினான். அர்த்தனாரி நடுவில் உட்கார்ந்தார். ஜன்னல் ஓரம் பூங்கொடி.

சேலம் தாண்டும் வரை முள் எண்பத்தைந்தில் நின்றது. ஓமலூரிலும் அப்படியே. அர்த்தனாரி ரோட்டைப் பார்க்கவே இல்லை. டெம்பரேச்சர் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க" என்று தம்பி சிரித்தான். "பின்னால நாப்பத்திரண்டு டன் கனம். அண்ணன் பயப்படறதுல தப்பில்லீங்க."

கூட யாரும் சிரிக்கவில்லை.

தீவட்டிப்பட்டி தாண்டியதும் ரோடு மெல்ல ஏறத் தொடங்கியது. வண்டி ஒரு கியர் இறங்கியது. பிறகு இன்னொரு கியர். முள் அசைந்தது.

"தொண்ணூறு" என்றார் அர்த்தனாரி.

"அண்ணா" என்றாள் பூங்கொடி. "வெறும் வண்டியில சூடாவுதுங்களா?"

"இல்லீங்க. தொண்ணூத்தி ரெண்டு."

"லோடோட, சமமான ரோட்டுல?"

"ஆவறதில்லீங்க. தொண்ணூத்தி நாலு ஆயிருச்சுங்க."

"ஏத்தம் முடிஞ்சு எறங்கறப்போ?"

"உடனே முள்ளும் எறங்கிருமுங்க. மேஸ்திரியம்மா, தொண்ணூத்தி எட்டு!"

"கூலன்ட் கொறையுதுங்களா?"

"ஒரு சொட்டுக் கொறையலீங்க."

"அந்த டேங்குல குமிழி வருதுங்களா?"

"வரலீங்க, பாத்தாச்சுங்க. நூத்தி ஒண்ணுங்க!"

"வண்டி இத்தனை பதில் சொல்லீருக்குது" என்றாள் பூங்கொடி. "நீங்க முள்ளை மட்டும் பாத்துட்டு வர்றீங்க."

அர்த்தனாரிக்கு அது காதில் விழவில்லை. "வேலு, நிறுத்துடா! நிறுத்து!" என்று கத்தினார்.

"இங்க வேண்டாம்" என்றாள் அவள். "ஏத்தத்துல நிறுத்தக்கூடாது. அதோ, அந்த டீக்கடைகிட்ட சமமா இருக்குது. இன்னொரு கியர் எறக்குங்க. மிதிக்காம போங்க."

டீக்கடை இருநூறு அடி தூரத்தில் இருந்தது. அந்த இருநூறு அடி போவதற்குள் அர்த்தனாரியின் சட்டை நனைந்துவிட்டது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மாரப்பன் அன்றைக்குக் கடைசியாகச் சொன்னது "அண்ணா, லைட்டு எரியுது" என்பதுதான். அதற்குப் பிறகு அவன் அலறினான்.

வண்டி நின்றது. குழந்தைவேலுவின் கை சாவிக்குப் போயிற்று.

"ஆஃப் பண்ணாதீங்க!" பூங்கொடி முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "நியூட்ரல்ல ஓடட்டும். தண்ணி சுத்தட்டும். இப்ப நிறுத்துனா சூடு உள்ளயே நின்னுரும்."

அதற்குள் அர்த்தனாரி கீழே குதித்திருந்தார். டீக்கடை வாளியில் ஒரு சாக்கை முக்கி எடுத்தார். கேபினின் முன்பக்கக் கதவைத் தூக்கி, ரேடியேட்டர் மூடி மேல் சாக்கைப் போட்டுத் திருகப் போனார்.

பூங்கொடி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடுங்க."

"தண்ணி ஊத்தணுமுங்க!"

"தண்ணி கொறையலைன்னு இப்பத்தான சொன்னீங்க? தொறந்தா மூஞ்சி வெந்துரும்."

"சும்மா நிக்க முடியலீங்களே!"

"பயம் வந்தா கை எதையாவது பண்ணச் சொல்லும். அதுக்கு ரேடியேட்டர் மூடி என்ன பண்ணும்?"

அர்த்தனாரி சாக்கைக் கீழே போட்டார்.

குழந்தைவேலு மணி பார்த்தான். ஒன்றரை. அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூடுதல் நேரம் கிடைக்குமா என்று போனில் கேட்க, சிக்னல் தேடிக் கொஞ்ச தூரம் நடந்தான்.

பூங்கொடி டீக்கடையில் பஜ்ஜி மடிக்க வைத்திருந்த செய்தித்தாளில் ஒரு தாளை வாங்கி வந்தாள்.

"அண்ணா, ஃபேன் ஓடுதுங்களா?"

"காது கிழியுதுங்களே. நல்லா ஓடுதுங்க."

"ஃபேன் காத்தை எங்கிருந்து இழுக்கும்?"

"முன்னாலிருந்துங்க."

அவள் தாளை விரித்து திறந்திருந்த முன்பக்கத்தில், காற்று நுழைகிற மெல்லிய தகடுகளின் மேல் வைத்தாள். கையை எடுத்தாள். தாள் வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

அர்த்தனாரி குனிந்து எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"ஃபேனுக்கு வலு இல்லீங்க" என்றார். "ஃபேனை மாத்தீரலாமுங்க."

பூங்கொடி தாளில் ஒரு துண்டைக் கிழித்தாள். பக்கவாட்டில் போய், ஃபேன் கூண்டின் ஓரத்துச் சந்துக்கு எட்ட நின்று நீட்டினாள். விரலிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று காற்று.

"பசியில இருக்குது" என்றாள். "வாசல்தான் சாத்திக் கெடக்குது."

அர்த்தனாரி முன்பக்கத்தைப் பார்த்தார். மெல்லிய தகடுகள் வரிசை வரிசையாகப் பளபளத்தன. தூசி இல்லை, பூச்சி இல்லை.

"கண்ணாடியாட்டம் இருக்குதுங்களே, மேஸ்திரியம்மா."

"அதாங்கண்ணா கேக்கறன். யாரு கழுவறது?"

"நானுங்க." அந்தக் கலவரத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை வந்தது. "தம்பி ஊர்ல இருந்தா வெள்ளிக்கிழமை தவறாதுங்க. அந்த விபத்து நடந்ததிலிருந்து. இவன் வண்டிக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுங்க."

"எப்படிக் கழுவறீங்க?"

"மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு, பிரஷர் கன்னுல தண்ணி பீச்சி அடிப்பனுங்க. ஒரு தூசு நிக்காது. பொறவு மஞ்சத்தண்ணி தெளிச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டுவனுங்க."

"மூஞ்சியில இருந்த அழுக்கு எங்க போச்சு?"

"போயிருச்சுங்க."

"எங்கண்ணா?"

அர்த்தனாரி குனிந்து தகடுகளுக்கு நடுவே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

முள் எண்பத்தைந்துக்கு இறங்கியதும் எஞ்சினை நிறுத்தினார்கள். கை வைக்கிற அளவுக்கு ஆறும் வரை பூங்கொடி டீ குடித்தாள். அர்த்தனாரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கேபினைச் சாய்த்தார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் என்று இன்னொரு தட்டு இருக்கும். டர்போவிலிருந்து வருகிற சூட்டுக் காற்றை ஆற்றுகிற தட்டு அது. இரண்டுக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. முன்னால் நின்று பார்த்தால் இன்டர்கூலர் தெரியும், பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் தெரியும். நடுவில் இருப்பது யாருக்கும் தெரியாது.

நான்கு போல்ட்டைத் தளர்த்தி இன்டர்கூலரை முன்னால் சாய்த்தாள்.

உள்ளே ஒரு மெத்தை இருந்தது. பருத்தி லாரிக்குப் பின்னால் ஓடியபோது சேர்ந்த பஞ்சு, அறுவடை ரோட்டில் பறந்த நெல் பதர், இரண்டு வருஷத்துத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு. எல்லாம் தண்ணீரில் ஊறி, அழுந்தி, கம்பளிபோலக் கெட்டிப்பட்டு ரேடியேட்டரை மூடியிருந்தது. பூங்கொடி ஒரு துண்டைப் பெயர்த்து அவர் கையில் கொடுத்தாள். அதில் மஞ்சளும் குங்குமமும் அடுக்கடுக்காக இருந்தன.

ஓர் அடுக்கு, ஒரு வெள்ளிக்கிழமை; அர்த்தனாரிக்கு எண்ணத் தெரியும். அவர் எண்ணவில்லை.

"நான் அடிச்ச தண்ணிதானுங்களா?"

பூங்கொடி இன்னொரு துண்டைப் பெயர்த்தாள்.

"வெறும் வண்டிக்கு இந்தக் காத்துப் போதும். லோடோட ஏறறப்போ பத்தாது. அதானுங்களே?"

"ம்."

"மாரப்பன் காலை எடுத்தன். இப்ப என்ற தம்பியையே..." அவர் பம்பர் ஓரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அழுகையும் வந்தது. ஐம்பத்தொரு வயதில் டீக்கடை வாசலில் அழுவதற்கு அவர் கூச்சப்படவில்லை.

பூங்கொடி காற்றுக் குழாயை எடுத்து வண்டியின் ஏர் டேங்கில் மாட்டினாள். மறுமுனையை அவர் கையில் திணித்தாள்.

"மணி ரெண்டேகால்" என்றாள். "எந்திரிங்க. ஃபேன் பக்கத்துலருந்து அடிங்க. வந்த வழியில போகட்டும்."

அவர் பின்னால் போய் எஞ்சின் பக்கமாகக் குனிந்து நின்று அடித்தார். பஞ்சு முன்னால் வந்து கொட்டியது. பிறகு டீக்கடைக்காரர் நீட்டிய குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பின்னாலிருந்து விட்டார்கள். முன்னால் முதலில் கறுப்பாக ஓடியது, பிறகு மஞ்சளாக, பிறகு சிவப்பாக. கடைசியில் தெளிந்தது. போல்ட்டை முடுக்கியபோது மணி மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

ஆபீஸ் ஆபீஸாகப் போன் போட்டுவிட்டுக் குழந்தைவேலு திரும்பி வந்தான். முகம் வாடியிருந்தது.

"நேரம் தர முடியாதுங்கறாங்க. என்ன கோளாறுங்க?"

பூங்கொடி ஸ்பேனர்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அர்த்தனாரி தரையில் கிடந்த குவியலைக் காட்டினார்.

"நான்தான்டா வேலு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முன்னால நின்னு உள்ள தள்ளி வச்சிருக்கறன். தெர்மோஸ்டாட்டும் இல்ல, பம்ப்பும் இல்ல. நான்தான்."

தம்பி குவியலைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். கணவாய்ப் பக்கம் பார்த்தான்.

"இப்ப சரியாயிருச்சுங்களா?"

மூன்று முறை சொன்ன வார்த்தை அர்த்தனாரியின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"எனக்குத் தெரியாதுடா. வண்டியைக் கேக்கலாம். ஸ்டார்ட் பண்ணு."

எஞ்சின் ஓடியது. சூடேறி ஃபேன் இரைகிற வரை மூவரும் காத்திருந்தார்கள். அர்த்தனாரி புதிதாக ஒரு செய்தித்தாளை வாங்கி முன்பக்கத் தகடுகளில் வைத்தார். கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எடுத்தார். தாள் பட்டென்று ஒட்டிக்கொண்டு நின்றது. காற்றில் ஓரம்கூடப் படபடக்கவில்லை.

குழந்தைவேலு தாளின் ஓரத்தை இழுத்துப் பிய்த்தெடுத்தான்.

"ஏறுங்கண்ணா" என்றான்.

கணவாய் தொடங்கியது. வண்டி முனகிக்கொண்டு ஏறியது. நடந்து போகிறவன்கூட முந்திவிடலாம், அந்த வேகம். முள் தொண்ணூறைத் தொட்டது. தொண்ணூற்றிரண்டு. அர்த்தனாரி எண்ணைச் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மாரப்பனின் கால் போன வளைவு வந்தது. பாறையில் கீறல் இன்னும் இருந்தது. முள் தொண்ணூற்றைந்துக்குப் போயிற்று.

"திரும்பீரலாமுங்களா?" என்றார் அர்த்தனாரி, மூச்சே இல்லாத குரலில்.

திரும்ப இடமில்லை என்பது அவருக்கே தெரியும்.

தொண்ணூற்றாறு.

ஃபேன் இரைச்சல் எடுத்தது. கேபினின் தரை அதிர்ந்தது. முள் அங்கேயே நின்றது. ஒரு வளைவு முழுக்க நின்றது. அடுத்த வளைவில் தயங்கித் தயங்கித் தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியது. குழந்தைவேலு ஒரு நீண்ட மூச்சு விட்டான். அதற்குப் பிறகுதான் அவனும் பயந்துகொண்டே ஓட்டியிருக்கிறான் என்று அர்த்தனாரிக்குத் தெரிந்தது.

ரோடு சமமானபோது மணி மூன்றே முக்கால். லோடைக் கட்டிய சங்கிலியைச் சரிபார்க்க வண்டியை ஓரம் கட்டினான். இறங்கும் முன் அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? இனிமேல்ட்டு என்ற வண்டியை நீங்க கழுவ வேண்டாமுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டு பின்னால் போனான்.

அர்த்தனாரி பக்கக் கண்ணாடியில் தம்பி போவதைப் பார்த்தார்.

"அவன் சொல்றதுதானுங்க ஞாயம்" என்றார். "இனி அவன் வண்டியைத் தொட மாட்டனுங்க. பாசம் வச்சதே வெனையாப் போச்சு. தூரமா நின்னுக்கறன்."

பூங்கொடி நகத்திடுக்கில் இருந்த கறுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடைச்சது எதுங்கண்ணா?"

"தண்ணிங்க."

"தொறந்தது?"

அர்த்தனாரி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுவும் தண்ணிதானுங்க."

"அப்ப வர்ற வெள்ளிக்கிழமையும் கழுவுங்க" என்றாள். "பின்பக்கமா நின்னு."